உறைபனியின் பெயர்நாள்

புல் அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு ஜூலை மாதத்தில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வெயிலில் பிறந்தவள் ஸர்மா. லாத்விய மொழியில் ஸர்மா என்றால் உறைபனி. நம் காதுக்கு அந்தப் பெயர் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும். அவரை மறந்துவிட்டுப் படிப்பது நல்லது.

வெயிலில் பிறந்தவளுக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் அவள் அப்பா ஆகுஸ்ட்ஸ் ஆளுக்கொரு பதில் சொல்வார். அவர் வீடு வீடாகப் போய்ச் செங்கல் அடுப்பு கட்டுகிறவர். உலகத்துக்கே சூடேற்றிவிட்டு வந்தவனுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டாமா என்பார். பீர் ஒரு குவளை கூடினால், பெண் கேட்டுப் போன காலையில் பிர்ச் மரங்களெல்லாம் வெள்ளி பூசியதுபோல உறைபனியில் நின்றதாகக் கண் கலங்குவார். "அன்னிக்கு மழை பெஞ்சுது. இவர் சேத்துக் காலோட உள்ள வந்தாரு," என்பாள் அவர் மனைவி ஒத்தீலியா.

உண்மையான காரணம் செய்தித்தாள். முந்தைய தலைமுறைக்குப் பெயர் வைத்தது மாதாகோவிலும் ஜெர்மன் பண்ணையாரும். ஆகுஸ்ட்ஸின் அம்மா அன்னா, மாமியார் அன்னா, இரண்டு அத்தைகளும் அன்னா. பண்டிகை நாளில் வாசலில் நின்று "அன்னா" என்று கூப்பிட்டால் ஒரு கூட்டமே திரும்பிப் பார்க்கும். பிறகு நாடு விழித்துக்கொண்டது. படித்தவர்கள் தங்கள் மொழிச் சொற்களையே பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். விடியல், பனித்துளி, மினுக்கம், உறைபனி. ஆகுஸ்ட்ஸ் படித்தவரல்ல, ஆனால் அடுப்பு பற்றவைக்கக் கொடுத்த பழைய செய்தித்தாளையெல்லாம் படித்துவிட்டுத்தான் கொளுத்துவார். மகனுக்கு விஸ்வால்டிஸ் என்று வைத்தார். எல்லாவற்றையும் ஆள்பவன் என்று பொருள். மகளுக்கு ஸர்மா.

பாதிரியாருக்குப் பிடிக்கவில்லை.

"உறைபனி பயிரைக் கொல்ற சமாச்சாரம்யா. பெத்த பொண்ணுக்கு யாராவது வைப்பாங்களா?"

"வெள்ளையா இருக்கும் சாமி. சத்தம் போடாம வரும், யாருக்கும் தொந்தரவில்லாம போயிடும்."

"பொண்ணு அப்படி இருப்பான்னு எழுதிக் குடுப்பியா?"

எழுதிக் கொடுக்கவில்லை. பாதிரியார் தன் பங்குக்குப் பின்னால் ஓர் அன்னாவைச் சேர்த்து, ஸர்மா அன்னா என்று ஞானஸ்நானம் கொடுத்தார். ஒத்தீலியாவுக்கு அதில் பாதி ஆறுதல்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதுவும் வந்துவிடும் என்று நம்புகிறவள் அவள். உருளைக்கிழங்குச் செடி நிலத்தில் நிற்கும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து கிழங்கு தோண்டி முடிக்கும்வரை மகளை "அடியே" என்றே கூப்பிட்டாள். வருடத்தில் ஒன்றரை மாதம் ஸர்மாவுக்குப் பெயரே கிடையாது.

நாட்காட்டியில் ஸர்மாவுக்கு டிசம்பர் ஐந்தாம் தேதியை ஒதுக்கியிருந்தார்கள். பிறந்தநாள் அவரவர் சொந்த விஷயம். பெயர்நாள் ஊர் விஷயம். அதற்கு யாரையும் அழைக்கக் கூடாது. அழைத்தால் அசிங்கம். யாருக்கு நினைவிருக்கிறதோ அவர்கள் வருவார்கள். வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்க முடியாது. மேஜை போட்டு, ரொட்டி சுட்டு, கதவைத் தாழிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போருக்குப் பிறகு வந்த புதிய அரசுக்கும் அதே டிசம்பர் ஐந்து பிடித்திருந்தது. அன்று அரசியல் சட்ட நாள், விடுமுறை, வீட்டுக்கு வீடு செங்கொடி ஏற்ற வேண்டும். ஆகுஸ்ட்ஸ் இருந்திருந்தால் தன் மகளுக்காகச் சோவியத் நாடே கொடியேற்றுகிறது என்று சொல்லி ஜெயிலுக்குப் போயிருப்பார். நல்லவேளையாக அவர் போரின் கடைசிக் குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார்.

விஸ்வால்டிஸ் காட்டில் இருந்தான். ஜெர்மன், சோவியத் என்று இரண்டு ராணுவங்கள் மாறி மாறி அவனைக் கேட்டன. இரண்டுக்கும் தன்னைக் கொடுக்காமல், அவனைப்போன்ற சிலரோடு காட்டுக்குள் பதுங்கிக்கொண்டான். எல்லாவற்றையும் ஆள்பவனுக்கு ஒரு குழியும் மேலே பாசி போட்ட கூரையும் இருந்தன. காட்டிலிருப்பவனுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தது தெரிந்தாலும் அந்த வீட்டுக்குச் சைபீரியா நிச்சயம். அகப்பட்டவனுக்கு அதுவும் நிச்சயமில்லை. சுட்டு, சந்தைத் திடலில் கிடத்தி வைத்து, கடந்து போகிறவர்களில் யார் முகம் மாறுகிறது என்று பார்ப்பார்கள்.

நாற்பத்தேழாம் வருட டிசம்பர் ஐந்தாம் தேதி, வெளிச்சம் வருவதற்கு முன்னால் அவன் வீட்டுக்கு வந்தான். இடது கால் வீங்கி, காய்ச்சல் கொதிக்க, நெஞ்சுக்குள் இருமல் கரகரக்க வந்தான். அம்மாவும் ஸர்மாவும் அவனைக் கதிர் உலர்த்தும் கொட்டகையில் பரண்மேல் ஏற்றி, வைக்கோலில் மூடி, கீழே அடுப்பை மூட்டினார்கள். அதற்குள் விடிந்தது. ஸர்மா வெளியே வந்து பார்த்தாள்.

பனி விழவில்லை, பூத்திருந்தது. மேய்ச்சல் நிலம் முழுக்கப் புல்நுனி ஒவ்வொன்றும் வெள்ளை. அதன் குறுக்கே காட்டின் ஓரத்திலிருந்து கொட்டகைக் கதவு வரை ஒரே வரிசையாகக் கால்தடம். வலது கால் பதிந்து, இடது கால் இழுபட்டு, கிழிசலைத் தைத்ததுபோல இருந்தது. டிசம்பர் சூரியன் மரத்துக்கு மேலே எழும்பினால்தானே உருக்கும்.

பசுவை அவிழ்த்துவந்து அதன்மேல் நடக்கவிடலாம் என்று ஸர்மா தொழுவத்துக்கு ஓடினாள். முடிச்சு இறுகியிருந்தது. பசுவோடு திரும்பி வந்தபோது ஒத்தீலியா பிர்ச் குச்சித் துடைப்பத்தோடு கொட்டகை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன பண்ணி வச்சிருக்கே?"

"தடத்தை அழிச்சிட்டேன்."

"அழிக்கலம்மா. ரோடு போட்டிருக்கே."

உண்மைதான். எதையும் அரைகுறையாகப் பெருக்கத் தெரியாதவள் ஒத்தீலியா. வெள்ளை வெளிக்கு நடுவே இரண்டு ஓரமும் நூல் பிடித்த மாதிரி நேராக, பழுப்புப் பச்சையில் ஒரு பாதை, காட்டிலிருந்து கொட்டகைக்கு. தடத்தையாவது ஒரு நரி எதையோ இழுத்துப் போனது என்று சொல்லியிருக்கலாம். நரி பெருக்காது.

அதற்குள் வேலிக்கதவு கிரீச்சிட்டது. ஊர்ப் போலீஸ்காரன் அந்திரியெவ்ஸ் பொகுலிஸ் கொடிகளைப் பார்வையிட வந்திருந்தான். பக்கத்துப் பண்ணைக் கூலியாளின் மகன். சின்ன வயதில் ஒத்தீலியாவின் ஆப்பிள் மரத்தில் ஏறி அவளிடமே அடி வாங்கியவன். இப்போது இடுப்பில் துப்பாக்கி.

"கொடி எங்க, ஒத்தீலியாம்மா?"

"இஸ்திரி போட்டுட்டிருக்கேம்ப்பா."

"கொடிக்கு யாரு இஸ்திரி போடுவாங்க?"

"சுருக்கத்தோட மாட்டினா அதுக்கும் ஒரு கேள்வி கேப்பீங்களே."

அவன் சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் பாதையைப் பார்த்தான். காடுவரை பார்த்தான். கொட்டகைப் புகைபோக்கியைப் பார்த்தான்.

"இது என்ன?"

"பெருக்கினது," என்றாள் ஸர்மா. பசுவின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பனியையா?"

"இன்னிக்கு என் பெயர்நாள். விருந்தாளிங்க வருவாங்க."

"காட்டுலேருந்தா?"

அந்த வருடத்தில் அந்தக் கேள்வி வேடிக்கையாகவும் இருக்கலாம், விசாரணையின் முதல் வரியாகவும் இருக்கலாம். அவன் முகத்தில் எது என்று எழுதியிருக்கவில்லை.

"லேய்னியெகி வீட்டு எம்மாக்கா அந்தக் குறுக்குவழியாத்தான் வருவாங்க. அவங்களுக்கு இடுப்பு சரியில்ல. வழுக்கி விழுந்துட்டாங்கன்னா யாரு பாக்கறது?"

"வீடு இந்தப் பக்கம். பாதை கொட்டகைக்குல்ல போகுது?"

"கொட்டகையிலதான் வச்சிருக்கோம். அடுப்பு மூட்டியாச்சு. வீட்டுக்குள்ள ஆட எடம் ஏது?"

சொல்லச் சொல்ல அவளுக்கே கேட்டது: ஒவ்வொரு பொய்யும் முந்தையதைவிட அழகாகப் பொருந்தியது, ஒவ்வொன்றும் அண்ணன் இருந்த இடத்துக்கு ஓர் அடி கிட்டே போனது.

"அப்போ நானும் வரேன்," என்றான் பொகுலிஸ். "அக்கார்டியன் எடுத்துட்டு வரேன்."

வராதே என்று சொல்ல அந்த நாட்டில் வார்த்தை கிடையாது.

விஸ்வால்டிஸை வேறெங்கும் தூக்கிப் போக முடியவில்லை. அவனால் நிற்கவே முடியவில்லை. ஆகவே பொய்யை மெய்யாக்குவதைத் தவிர வழியில்லை. மேஜைக்குப் பதிலாக ஒரு பழைய கதவைக் கட்டைகள்மேல் போட்டார்கள். முடிச்சுப் போட்ட கிளிங்கெரிஸ் ரொட்டியைக் குங்குமப்பூ கிடைக்காமல் காரட் சாறில் மஞ்சளாக்கிச் சுட்டாள் ஒத்தீலியா. பெயர்நாள்காரி உட்காரும் நாற்காலிக்குக் காட்டுச் செடியின் இலைச்சரம் சுற்றினார்கள். பிறகு காத்திருந்தார்கள். எம்மா வர வேண்டும். யாராவது வர வேண்டும். கூட்டம் இருந்தால் சத்தம் இருக்கும், சத்தத்தில் இருமல் கேட்காது. முந்தின இரண்டு வருடமும் ஒருவரும் வரவில்லை; யார் வீட்டில் யாரைப் பார்த்தோம் என்று பிறகு பதில் சொல்ல எவருக்கும் விருப்பமில்லை. ஓடிப்போய் எம்மாவிடம் வா என்று சொல்லிவிடலாம். ஆனால் பெயர்நாளுக்கு அழைப்பு என்றால், அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது என்று எம்மாவின் கோழிக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அன்று மதியம் யார் வந்துவிடுவார்களோ என்று பயந்த அதே நிமிடத்தில், யாரும் வராமல் போய்விடுவார்களோ என்றும் பயந்தாள் ஸர்மா.

மாலை இருட்டும்போது பொகுலிஸ் வந்தான். அவன் மட்டும் வந்தான். சீருடை இல்லை. துப்பாக்கியை எங்கே வைத்திருக்கிறான் என்று தெரியாததால் அது எல்லா இடத்திலும் இருந்தது.

"யாரும் வரலியா?"

"வருவாங்க," என்றாள் ஒத்தீலியா. "பனியில மெதுவாத்தானே வரணும்."

"பெருக்கி வச்சிருக்கீங்களே."

ஸர்மா அலங்கரித்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைக்கு நேர்மேலே பரண் கழிகள். பொகுலிஸ் ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு, அக்கார்டியனை மடியில் வைத்துத் துருத்தியை இழுத்து ஒரு துள்ளல் பாட்டு வாசித்தான். அது முடிந்து அடுத்தது தொடங்கியபோது மேலிருந்து ஓர் இருமல் வந்தது. சின்னதுதான், வைக்கோலைக் கடித்து அடக்கியது. உடனே ஒத்தீலியா கீழே இருமினாள். அவள் வாழ்நாளில் அப்படி இருமியதில்லை. கிணற்றுக்குள் வாளி விழுவதுபோல இருந்தது.

"என்னம்மா, சளியா?"

"பழைய சளிப்பா. அடுப்புக்காரர் பொண்டாட்டி இல்லியா, எல்லாம் சாம்பல்."

மேலே மறுபடி இருமல். கீழே மறுபடி அம்மா. பரணும் தரையும் மாறி மாறி இரும, பொகுலிஸ் அக்கார்டியன் கட்டைகளைவிட்டுக் கண்ணெடுக்காமல் வாசித்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளியே விடவில்லை. துடிப்பாக இருந்ததையெல்லாம் வாசித்துத் தீர்த்தபின் மாதாகோவில் பாட்டையும் அதே வேகத்தில் வாசித்தான். ஒரு வைக்கோல் துரும்பு பரணிலிருந்து சுழன்று சுழன்று இறங்கி அவன் தட்டில் ரொட்டிமேல் உட்கார்ந்தது. ஸர்மா அதைப் பார்த்தாள். அவன் அதை விரலால் எடுத்துக் கீழே போட்டுவிட்டு ரொட்டியைத் தின்றான்.

கிளம்பும்போது அவளுடைய கையைக் குலுக்கினான். அவன் கை அவள் கையைவிட ஜில்லென்றிருந்தது.

"நல்ல பெயர்நாள். அடுத்த வருஷம் பாக்கலாம்."

திட்டியிருந்தால்கூட அவள் அன்றிரவு தூங்கியிருப்பாள்.

அந்த வாரமே பெரும்பனி கொட்டியது. தடம் விழுந்த மறுநொடி மூடுகிற பனி. அதற்குள் காய்ச்சல் இறங்கிய விஸ்வால்டிஸ் அதில் போனான். காட்டுக்கல்ல. போரில் இடிந்துபோன ஜெல்காவா நகரத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தொழில் தெரிந்த கைக்கு அங்கே வேலை இருந்தது, செத்துப்போன ஒருவனின் பெயரும் கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை மாட்டு லாரி ஓட்டுகிறவன் ஒருவன் வேலியோரம் நின்று, "அடுப்பு நல்லா எரியுது," என்று சொல்லிவிட்டுப் போவான்.

பொகுலிஸும் வருடத்துக்கு ஒருமுறை வந்தான். டிசம்பர் ஐந்து தவறாமல், அக்கார்டியனோடு. உட்காருவான், தின்பான், அடுப்பைப் பற்றியோ பசுவைப் பற்றியோ பேசுவான், அவள் முகத்தை அடிக்கடி பார்ப்பான், போய்விடுவான். ஒருமுறைகூட எதையும் கேட்டதில்லை. தெரிந்து வருகிறானா, தெரிந்துகொள்ள வருகிறானா? அவனிடம் கேட்கவும் முடியாது, கேட்பதே சொல்வது. நாற்பத்தொன்பது மார்ச்சில் லாரிகள் வந்து ஊரில் பல வீடுகளைச் சைபீரியாவுக்குக் காலி செய்தன. லேய்னியெகி வீட்டு எம்மா, கெட்ட இடுப்போடு, மூட்டைமேல் உட்கார்ந்து போனாள். ஸர்மாவின் வீட்டு வாசலில் லாரி நிற்கவில்லை. ஊர் அதைக் குறித்துக்கொண்டது. போலீஸ்காரன் வந்து ரொட்டி தின்கிற வீடு. லாரி வராத வீடு. வேலை பார்த்த பால் பண்ணையில் அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு வானிலைக்கு மாறிவிடும். ஒத்தீலியா ஐம்பத்துமூன்றில் நிஜமான சளியில் இறந்தாள்; அதற்குப் பிறகு பேச்சுக்குக் கொஞ்சம் குறும்பும் சேர்ந்தது.

"கல்யாணம் எப்போ, ஸர்மா?" என்றாள் பால் அளக்கிற ஹெர்த்தா.

"யாருக்கு?"

"அரசியல் சட்டத்துக்கும் உறைபனிக்கும்."

அந்த வாரம் ஸர்மா பாதிரியாரின் ஞாபகமாக இருந்த பெயரைத் தூசி தட்டி எடுத்தாள். இனி என்னை அன்னா என்றே கூப்பிடுங்கள் என்று பண்ணையில் சொன்னாள். ஸர்மா என்று ஒருத்தி இல்லையென்றால் அவளுக்குப் பெயர்நாளும் இல்லை. பெயர்நாள் இல்லாத வீட்டுக்கு யாரும் அக்கார்டியன் தூக்கி வர முடியாது. ஒருவிதத்தில் சரியான சட்ட யோசனை. ஜூலை இருபத்தாறாம் தேதி அவள் உலரும் புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கதவு கிரீச்சிட்டது. பொகுலிஸ், ஒரு கூடை ராஸ்பெர்ரியோடு.

"இன்னிக்கு அன்னா நாளாச்சே," என்றான்.

டிசம்பர் ஐந்தாம் தேதியும் வந்தான். ஒரு பயத்திலிருந்து தப்பிக்கப் போய் வருடத்துக்கு இரண்டாக்கிக்கொண்டாள். அன்னாவை விட்டுவிட்டாள்.

ஐம்பத்தாறாம் வருடம் சைபீரியாவிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் மாட்டு லாரிக்காரன் வழக்கத்துக்கு மாறாக வண்டியைவிட்டு இறங்கினான்.

"உன் அண்ணனுக்குச் செத்தவன் பேரு அலுத்துப்போச்சாம். வீட்டுக்கு வரானாம். உன் பெயர்நாளுக்கு. அன்னிக்குத்தான் ஏன் வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னான்."

"வேணாம்னு சொல்லு."

"நான் மறுபடி அந்தப் பக்கம் போறது ஜனவரியிலதான்."

விஸ்வால்டிஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது மேஜையில் அக்கார்டியனோடு யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது ஸர்மாவுக்குத் தெரியும். சைபீரியாவிலிருந்து வந்தவர்களுக்கு விடுதலைக் காகிதம் இருந்தது. காட்டிலிருந்து வந்து பொய்ப்பெயரில் வாழ்ந்தவனுக்கு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நவம்பர் முப்பது அந்திரியெவ்ஸ் என்கிறவர்களின் பெயர்நாள். பொகுலிஸும் ஓர் அந்திரியெவ்ஸ்; இத்தனை வருடமும் அவளுக்கு அது தோன்றியதே இல்லை. அன்று மதியம் அவள் கையில் ஒரு சீரகப் பாலாடைக்கட்டியோடு பொகுலிஸின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவனைப் பார்க்க, அவன் முகத்தில் எதையாவது படிக்க, முடிந்தால் ஐந்தாம் தேதி வராமல் தடுக்க. எப்படி என்று யோசித்திருக்கவில்லை.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "யாரு?"

"ஸர்மா. பெயர்நாளுக்கு வந்தேன்."

கதவு திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. மேஜை போட்டிருந்தது. எட்டுப் பேருக்குத் தட்டு. பட்டாணி, பன்றிக்கறி, கடையில் வாங்கிய கேக். ஒருவரும் இல்லை. அவன் முகம் சுண்ணாம்புபோல இருந்தது.

"யாராவது அனுப்பினாங்களா?"

"பெயர்நாளுக்கு யாரு அனுப்புவாங்க?"

அவன் அவளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். உட்காரச் சொல்ல மறந்தான். அவளாகவே உட்கார்ந்தாள். பாலாடைக்கட்டியைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டு வருஷம் முன்ன ஜெல்காவா ஸ்டேஷன்ல உன் அண்ணனைப் பாத்தேன்," என்றான் அவன். "நொண்டிக்கிட்டுப் போனான். நான் சுவத்துப் பக்கம் திரும்பி ரயில் நேரத்தைப் படிச்சேன். லெனின்கிராட் வண்டி வரைக்கும் படிச்சேன்."

ஸர்மா நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அப்போ கொட்டகையில…"

"உங்கம்மா இருமினது கீழே. இன்னொண்ணு மேலே. எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே இருக்கு."

"ஏன் சொல்லல?"

"முதல் இருமலுக்கே எழுந்திருக்கணும். எழுந்திருக்கல, ஏன்னு எனக்கே தெரியல. பாட்டு பாதியில இருந்துது. மறுநாள் சொன்னா, 'நேத்து மேல அவன் படுத்திருக்க, கீழ நீ எதுக்குடா வாசிச்சே'ன்னு கேப்பாங்க. என்ன சொல்றது, சுருதி நல்லா சேந்துதுன்னா?"

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் வந்தே?"

"நீ யார்கிட்டயாவது சொல்லிட்டியான்னு பாக்க." அவன் முதல்முறையாக நிமிர்ந்தான். "நீ வாயைத் தொறந்தா உன் அண்ணனுக்கு முன்னாடி என்னைத்தான் சுவத்தோரம் நிக்க வச்சுச் சுடுவாங்க. உன் முகத்தைப் பாத்தா தெரிஞ்சிடும்னு நெனச்சேன். ஒண்ணும் தெரியாது. கல்லு மாதிரி உக்காந்திருப்பே. இன்னும் பயந்துட்டுப் போவேன்."

இத்தனை வருடம் ஒருவரை ஒருவர் பயமுறுத்துவதற்காக இரண்டு பேரும் ரொட்டி சுட்டும் வாசித்தும் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பு வரவேண்டும். ஸர்மாவுக்கு வரவில்லை. முன்பு அவனுக்குத் தெரியுமோ என்றிருந்தது. இப்போது தெரியும் என்று தெரியும்.

"அஞ்சாம் தேதி அவன் வரான்," என்றாள். சொல்லிவிட்டதும் வாயை மூடிக்கொண்டாள், கையால்.

பொகுலிஸ் கேக்கின்மேல் இல்லாத தூசியை ஊதினான். "அப்போ நான் வரல. வந்தா பாக்கணும். பாத்தா எழுதணும்."

அப்போது கதவு தட்டப்பட்டது. இருவரும் அசையவில்லை. அவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். இரண்டு பேர் கண்ணிலும் ஒரே கேள்வி: கூட்டி வந்தது நீயா?

ஹெர்த்தா. கையில் ஒரு ஜாடித் தேன். "ஸர்மா உள்ள போறதைப் பாத்தேன். ஓகோ, பெயர்நாள் நடக்குதான்னு…" அவளுக்குப் பின்னால் வண்டிக்காரர் மனைவி. பிறகு பள்ளிக்கூட வாத்தியார், மனைவியோடு. மாலைக்குள் எட்டுத் தட்டும் போதவில்லை. யாரும் பாசத்தில் வரவில்லை. போலீஸ்காரன் வீட்டுக்கு அவனுடைய ஆள் என்று ஊர் நம்பும் ஒருத்தி முதலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். வந்தவர் யார் வராதவர் யார் என்று இருவரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. வந்தால் ஆபத்து என்று வருடக்கணக்கில் வராமல் இருந்தவர்கள், வராவிட்டால் ஆபத்து என்று ஒரே மதியத்தில் வந்துவிட்டார்கள்.

"அஞ்சாம் தேதி உங்க வீட்டுக்கும் வந்துடறோம், ஸர்மா," என்றாள் ஹெர்த்தா, கேக்கை விழுங்கிக்கொண்டே. "இத்தனை வருஷம் விட்டுப்போச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். வராதீர்கள் என்று சொல்ல ஸர்மாவிடமும் வார்த்தை இல்லை.

வந்தார்கள். பொகுலிஸைத் தவிர அத்தனை பேரும் வந்து, வீடு கொள்ளாமல் சுவரோரம் நின்று, தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு நரைத்த தாடியோடு ஒருவன் நொண்டி வந்து, "பெயர்நாள் வாழ்த்து, தங்கச்சி," என்றான். அந்த அறையில் அவனை அடையாளம் தெரியாதவர் ஒருவருமில்லை. ஒரு முள்கரண்டி தட்டில் உரசியது. இந்த வீட்டுக்குள், இத்தனை பேருக்கு நடுவே, இவன் இவ்வளவு தைரியமாக வருகிறான் என்றால் மேலிடத்து அனுமதி இல்லாமலா என்று வாத்தியாரின் முகத்தில் ஓடியது. அவர் சட்டென்று எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். ஹெர்த்தா பட்டாணி பரிமாறினாள், தேவைக்கு அதிகமாக. இவனைப் பார்த்தேன் என்று நாளை ஒருவர் போய்ச் சொன்னால், அங்கே உனக்கென்ன வேலை என்று கேட்பார்கள். கூட இருந்தது யார் என்றும் கேட்பார்கள். எல்லோரும் பார்த்துவிட்டதால் யாரும் பார்க்கவில்லை.

விஸ்வால்டிஸ் இரண்டு தட்டுப் பட்டாணி தின்றுவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். விருந்தாளிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள். கடைசி ஆள் போகும்வரை ஸர்மா உட்காரவே இல்லை. ரொட்டிக் கத்தியைக் கையில் வைத்தபடி, ஒவ்வொருவரும் விடைபெறும்போது அவரவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.